மஞ்சள் புத்தகம்

வுப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
அதன் நிழல் என் யன்னலால் இறங்கி
மேசையில் ஊசிகளைத் தொட்டுவிட்டுப் போகும்.
அந்தப் பெட்டிக்குள்தான்,
ஆற்றுக்கு மேலே, அந்தரத்தில்,
ரொட்டி தின்றுகொண்டு வந்திருப்பார்.
வந்து உட்கார்ந்ததும் சொல்வார்:
"எனக்கு விமானம் என்றால் பயம்."

சுவரில் கொசுக்களின் உலகப்படம்.
வெள்ளை, செம்மஞ்சள், சிவப்பு.
நான் பிறந்த இடம் சிவப்பில்,
ஒரு கடித் தடிப்பளவு.

ஒன்பது வருடமாக இந்தக் கதிரையில் இருந்து
போகிறவர்களுக்குக் காய்ச்சல்களை
அறிமுகம் செய்துவைக்கிறேன்.

திருமதி பிரிங்க்மன் பாலிக்குப் போகிறார்.
குரங்கு கடித்தால்? நாய் நக்கினால்?
ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில்?
எண் போட்ட தாளில் பதினாறு கேள்விகள்.
அங்கே எதில் சுற்றுவீர்கள் என்றேன்.
வாடகை ஸ்கூட்டரில்.
தலைக்கவசம்?
"விடுமுறைதானே!" என்று சிரித்தார்.
பதினேழாவதை அவர் எழுதியிருக்கவில்லை.

லட்சத்தில் ஒருவருக்கு என்றால்
தலையாட்டுகிறார்கள்.
பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனருக்கு,
காம்பியாவில், மூன்றாம் நாளே என்றால்
பயணத்தை ரத்துச் செய்கிறார்கள்.
அந்த மைத்துனர்தான் அந்த ஒருவர்.
எப்படிச் சொன்னாலும் ஏறுவதில்லை.

ஓல்பெர்க், எழுபத்து நாலு வயது,
சுருங்கிய நுரையீரலோடு லா பாஸுக்கு.
உயரம் ஆகாது என்று டொக்டர்
இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்தார்.
"இங்கே மூச்சுத் திணறினால் மருத்துவமனைக் கூரை,
அங்கே திணறினால் மலை" என்றார்.
கையொப்பமிட்ட பேனாவை
மறந்து கொண்டுபோய்விட்டார்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

தவநேசன் வந்தது தை மாதம், ஒரு வியாழன்.
இதயத்தில் இரண்டு வலைக்குழாய், புதிது.
ஆறு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள்.
அண்ணனுக்குப் பேச்சு நின்றுவிட்டதாம்,
திங்கள் காலையில் விமானம்.
நான் நீட்டிய காய்ச்சல் பட்டியலை
படிக்காமலே நாலாய் மடித்தார்.
"கொசுவை விடுங்கோ தங்கச்சி.
எவ்வளவு மாத்திரை கொண்டுபோக விடுவாங்கள்
எண்டு மட்டும் சொல்லுங்கோ."
சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது என்று
ஞாயிறு இரவு முழுக்க நினைத்துக் கிடந்தேன்.

மாசி கடைசியில் வந்தார்,
வலது கையில் மாவுக்கட்டு.
"அங்க ஒண்டும் நடக்கேல்லை.
திரும்பி வந்து, என்ர வீட்டு வாசலில,
பெட்டியை இறக்கேக்க
பனியில வழுக்கி விழுந்தன்."
சிரிப்பு இருமலாகி முடியும்வரை
இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு, சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி:
"பேச்சில்லைத்தான். ஆனா விடியக்காலமை
என்ர மாத்திரைகளை அண்ணன்தான்
ஒவ்வொண்டா எண்ணித் தருவார்.
ஒரு நாளும் பிழைச்சதில்லை."

எனக்கும் வவுனியாவில் ஒரு அக்கா.
ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒரு நோய் சொல்கிறேன்.
ஒரு முறை டெங்கு. ஒரு முறை எலிக்காய்ச்சல்.
வானமே பூட்டிக்கிடந்த வருடம் மட்டும்
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
எண்கள் எல்லாம் சரியானவை,
வேலை செய்யும் இடத்திலிருந்தே எடுத்தவை.
அக்கா எதிர்த்துப் பேசுவதில்லை.
"நாங்கள் அதுக்குள்ளதானே இருக்கிறம்"
என்று ஒருதரம் சொன்னாள், கோபமில்லாமல்.
காணி பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
அப்பாவின் கையெழுத்து பற்றியும்.

நேற்று அவளே அழைத்தாள்:
"இந்த மாசம் டெங்கு குறைவாம், பேப்பரில கிடக்கு."
அவ்வளவுதான் சொன்னாள்.
அப்போதும் ஒரு ரயில் போயிற்று,
நிழல் என் கைகளைத் தாண்டும்வரை
வேறொரு நோயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் இழுப்பறையிலும் ஒரு மஞ்சள் புத்தகம்,
என் பெயரில்.
மருந்து காலாவதியாகும் முன்
மிஞ்சியதை எல்லாம் போட்டுக்கொண்டதில்
ஒரு கட்டமும் வெறுமையாய் இல்லை.
மஞ்சள் காய்ச்சலுக்குக்கூட முத்திரை இருக்கிறது.
அது எங்கள் ஊரில் இல்லவே இல்லை.